பருத்திக்கு என்ன பால்?

கொடைக்கானலின் குளிரிலும் சாரலிலும் பருத்தி விளையாது. பருத்திச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் மலைப்பாதையில் இறங்கிப் பழனிச் சமவெளிக்கு வந்தாக வேண்டும். ஆனால் செடிகளின் லத்தீன் பெயர்களைத் தேடுபவர்கள் மலைமேல்தான் ஏற வேண்டும். 1895இல் இயேசு சபையார் செண்பகனூரில் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியும் அதன் அருங்காட்சியகமும் இந்த மலையின் செடிகொடிகளைச் சேகரித்துப் பெயரிட்ட நெடிய மரபின் உறைவிடங்கள். அதே மரபில் வந்த கே. எம். மேத்யூ அடிகளார் 1999இல் பழனி மலையின் தாவரங்களை விரிவான நூலாக வெளியிட்டார். அந்த மரபுக்குப் பருத்தி என்றால் கொசிப்பியம். ஆனால் பழைய லத்தீனில் பருத்திக்கு இதைவிடப் பழக்கமான வேறொரு சொல் இருந்தது: கர்பசுஸ். அது இந்தியாவிலிருந்து போன சொல். கவிஞர்களும் வழக்கறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் அதைக் கையாண்டார்கள். கொசிப்பியமோ அதிகம் புழங்காத, பிறப்பிடம் தெளிவாகாத சொல். அப்படியிருக்க, செடிக்கு உரிய பெயராக நிலைத்தது ஏன் கொசிப்பியம்? இதற்கான விடை அவ்விரு சொற்களின் இலக்கணத்திலேயே, அவற்றின் பாலிலும் எண்ணிலும் ஈற்றிலும் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சரக்காக வந்து சேர்ந்த சொல் துணியோடு போய்விட்டது; ஏட்டில் தங்கிய சொல்லுக்குச் செடி கிடைத்தது.

முதலில் கர்பசுஸ் என்ற சொல்லின் வழி. வடமொழியில் கர்ப்பாசம், மனு நூல் அந்தணரின் பூணூலுக்கு விதிப்பது இந்த நூலைத்தான். பாரசீகத்தில் கர்பாஸ், எபிரேய விவிலியத்தின் எஸ்தர் நூலில் அரண்மனைத் திரைச்சீலைகளைச் சொல்லுமிடத்தில் கர்ப்பஸ், கிரேக்கத்தில் கர்ப்பசோஸ். கிரேக்கச் சொல்லில் வரும் பகரம் 'பல்' என்பதில் ஒலிப்பது போன்றது. லத்தீன் சொல்லில் வருவதோ 'கம்பு' என்பதில் ஒலிப்பது போன்றது. ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்ட சொல்லில் இப்படி ஒலி திரிவது அரிது. துறைமுகத்தில் வாய்க்கு வாய் மாறிய சொல்லில்தான் அது இயல்பு. வடமொழிச் சொல்லின் மூலமும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்துக்குள் சரியாக விளங்கவில்லை. ஆஸ்திரோ-ஆசிய மொழிகளிலிருந்து அது வந்திருக்கலாம் என்று ழான் பிரிலுஸ்கி கருதினார். தமிழ்ப் பருத்தியே கர்ப்பாசமாகத் திரிந்தது என்று சொல்லிவிட நமக்கு ஆசை எழலாம். சான்று அதற்கு இடம் தரவில்லை. பருத்திக்குத் தெலுங்கில் பிரத்தி, மலையாளத்தில் பருத்தி, கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹத்தி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் எந்தச் சொல்லும் ககரத்தில் தொடங்கவில்லை. கர்ப்பாசத்தின் முதலெழுத்துக்குக் காரணம் காட்டாமல் இரண்டையும் இணைப்பது ஒலியொப்புமையை உறவென்று கொள்வதாகும். இந்தியாவில் பருத்திக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்குடும்பங்களாவது இருந்தன. கடல் கடந்தது அவற்றில் ஒன்று என்பதே சான்றுக்கு அடங்கிய கூற்று.

அந்தச் சொல் எந்தப் பொருளோடு கடல் கடந்தது? பொது ஆண்டு முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' குஜராத் பக்கத்து விளைச்சலில் கர்ப்பசோஸையும் அதில் நெய்த துணியையும் சேர்த்தே சொல்கிறது. தெற்கே வரும்போது அர்கரு என்ற ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது; அந்த அர்கரு நம் உறையூர். உள்நாட்டு வழிகளும் சும்மா கிடக்கவில்லை. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் மணி செய்யும் தொழிலுக்கான தடயங்களும் எழுத்துப் பொறித்த கலமும் நெல்மணிகளும் கிடைத்தன. அந்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 490 வாக்கில் என்று அளவிடப்பட்டது. சேரநாட்டுத் துறைகளுக்கும் கீழைச் சமவெளிக்கும் இடைப்பட்ட வழியில் இருந்த ஊர் அது. வழியின் மறுகோடியில், செங்கடலின் எகிப்தியக் கரையிலுள்ள பெரெனிக்கேயில், நூல்களே சாட்சியாகக் கிடக்கின்றன. அங்கே கிடைத்த பருத்தித் துணித் துண்டுகளை ஜான் பீட்டர் வைல்டும் ஃபெலிசிட்டி வைல்டும் ஆராய்ந்தார்கள். ஒரு நூலிழையைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் அதன் முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எகிப்தில் நூற்ற இழைகளில் முறுக்கு வலக்கீழிலிருந்து இடமேலாக ஏறும். இந்தியாவில் நூற்றவற்றில் இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும். பெரெனிக்கேயின் பருத்தித் துண்டுகள் பலவற்றில் இந்திய முறுக்கே இருந்தது. அவற்றுள் சில கப்பற்பாயின் துண்டுகள். பாயை இழுக்கும் கயிறுகளுக்கான வளையங்களும் அங்கே கிடைத்தன. கர்பசுஸ் என்ற சொல்லை லத்தீன் கவிஞர்கள் 'கப்பற்பாய்' என்ற பொருளில் எடுத்தாண்டது வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு அந்த வளையங்கள் போதும்.

இனி இலக்கணம். லத்தீனில் எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத நடுப்பால் என்று பால் உண்டு; தமிழில் உயர்திணைக்கு மட்டுமே உள்ள பகுப்பு அங்கே கல்லுக்கும் துணிக்கும்கூட உண்டு. '-உஸ்' ஈறு வந்தால் பெரும்பாலும் ஆண்பால். விலக்காக ஒரு சிறு கூட்டம் அந்த ஈற்றை வைத்துக்கொண்டே பெண்பாலாக நிற்கும். மரப்பெயர்களும் கிரேக்கத்திலிருந்து வந்த சில செடி, பொருள் பெயர்களும் அதில் அடங்கும். கர்பசுஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது; ஒருமையில் பெண்பால். பன்மையில்தான் வியப்பு. பெண்பாலாகவே தொடராமல் நடுப்பாலுக்கு மாறிக் கர்பசா ஆகிவிடுகிறது. ஓவிட், லூக்கன் போன்ற கவிஞர்களிடம் இந்த வடிவமே பெருவழக்கு. இந்தியப் பக்கத்து மக்களின் தளர்ந்த ஆடையைச் சொல்ல லூக்கன் கையாண்டதும் இந்தப் பன்மைதான். ஒரே சொல் ஒருமையில் ஒரு பாலும் பன்மையில் வேறு பாலுமாக நிற்பதை இலக்கணிகள் ஒழுங்கு மீறிய சொற்பட்டியலில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாம் அங்கே நிற்க வேண்டும். கப்பற்பாய்க்கும் திரைக்கும் லத்தீனில் உள்ள பொதுச்சொல் வேலம், பன்மை வேலா. துணிக்கும் பாய்க்கும் வழங்கிய இன்னொரு சொல் லிண்டியம், பன்மை லிண்டியா. இரண்டும் நடுப்பால். கர்பசா என்ற பன்மை இவற்றின் அச்சில் வார்த்தது. ஒருமையில் அந்தச் சொல் தன் பழைய வரிசையில் இருக்கிறது. பன்மையானதும் பாய்களின் வரிசைக்குப் போய்விடுகிறது. சரக்காக மாறியதன் தழும்பு அந்தப் பால்மாற்றத்தில் இருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். ஒருமையின் பெண்பால் கிரேக்கத்திலிருந்து அப்படியே வந்தது, அதில் லத்தீனின் உணர்வு ஏதுமில்லை என்பது முதலாவது. கிரேக்கச் சொல்லும் பெண்பால்தான். வந்த வழி அதுவே என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் '-உஸ்' ஈற்றுப் பெண்பால் சொற்களை ஆண்பாலாக்கிவிடும் இழுப்பு லத்தீனில் எப்போதும் இருந்தது. வெஸ்டா கோயில் கன்னி எமிலியாவின் மாணவி தன் மெல்லாடையை அணைந்துபோன அடுப்பில் இட, நெருப்பு மீண்டும் பற்றிக்கொண்ட கதையைச் சொல்லும் வலேரியுஸ் மாக்சிமுஸ் கர்பசுஸை ஆண்பாலாகவே எழுதுகிறார். அந்த இழுப்பையும் மீறிப் பிற இடங்களில் பெண்பால் நிலைத்தது. இரண்டாம் மறுப்பு வலுவானது. கர்பசா என்ற பன்மை யாப்பின் நெருக்கடியால் பிறந்தது, அதில் பொருள் தேடுவது வீண் என்பது அது. வெண்பாவுக்குள் கனிச்சீர் நுழைய முடியாதது போல, லத்தீன் காப்பிய யாப்புக்குள் இரண்டு நெடிலசைகளுக்கு நடுவே ஒற்றைக் குறிலசை நுழைய முடியாது. கர்பசுஸின் இயல்பான பன்மை வடிவங்கள் எல்லாம் அப்படி நெடில், குறில், நெடிலாக அமைந்தவை. தமிழில் நாம் நெடிலாக எழுதினாலும் கர்பசா என்பதன் ஈறு லத்தீனில் குறில். ஆகவே அது யாப்பில் பொருந்தும். இவ்வளவும் உண்மை. ஆனால் யாப்பு ஒரு வடிவத்தைக் கேட்கும். அந்த வடிவத்தை மொழிக்குள் ஏற்கச் செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. நெட்டிலிங்கம் போல ஓங்கி வளரும் பாப்லர் மரத்துக்கு லத்தீனில் போபுலுஸ் என்று பெயர். அதுவும் '-உஸ்' ஈற்றுப் பெண்பால், முதலசை நெடில், பன்மையில் அதே யாப்புச் சிக்கல். கவிஞர்கள் அதற்கு நடுப்பால் பன்மை படைக்கவில்லை, பெயரடையாக்கிச் சுற்றிப்போனார்கள். மரத்தை மரமாகவே உணர்ந்ததால் துணியின் பால் அதற்குப் பொருந்தவில்லை. கர்பசுஸுக்குப் பொருந்தியது.

மூன்றாவது ஐயம் இன்னும் அடிப்படையானது: கர்பசுஸ் பருத்திதானா? பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் 19ஆம் பகுதியில், ஸ்பெயினிலுள்ள தர்ராகோவில்தான் முதன்முதலில் கர்பசுஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதுகிறார். அவர் சொல்வது ஆளிச்செடி நாரில் நெய்த மெல்லிய லினன். சிசரோவின் உரைகளில் அது கூடாரத் துணி. லுக்ரேஷியுஸிடம் அரங்கின் மேல் விரித்த பந்தல். இவற்றில் எது பருத்தி, எது லினன் என்று உறுதியாகப் பிரிக்க முடியாது. இது வாதத்தைக் கெடுக்கவில்லை, வலுப்படுத்துகிறது. செடியைப் பார்க்காதவர்கள் துணியின் மென்மைக்கும் வெண்மைக்கும் பெயரைப் பொருத்திக்கொண்டார்கள். அதே மென்மை வேறு நாரில் வந்தபோது பெயரும் கூடவே போனது. பழனி மலையின் பழங்கதையிலேயே இதற்கு ஒப்பு இருக்கிறது. பொதினித் தலைவன் பேகன் மயிலுக்குப் போர்வை தந்த செயலைப் புறநானூறு சொல்லும்போது அந்தத் துணியைப் படாம் என்கிறது. சிறுபாணாற்றுப்படை கலிங்கம் என்கிறது. படாம் வடசொல்லோடு உறவுடையது. கலிங்கம் கலிங்க நாட்டின் பெயரால் வந்த இடவாகுபெயர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். மயில் போர்த்தியது பருத்தியா பட்டா என்று அந்தச் சொற்கள் சொல்லாது. வந்த சரக்கின் பெயர் நாரைப் பற்றிப் பேசாது. அதன் தோற்றத்தையும் ஊரையும் பற்றியே பேசும். ரோமில் கர்பசுஸுக்கு நேர்ந்தது பொதினியில் கலிங்கத்துக்கும் நேர்ந்தது.

கொசிப்பியத்தின் கதை இதற்கு நேரெதிர். பிளினி அதே 19ஆம் பகுதியில், எகிப்தின் மேற்பகுதியில் அரேபியாவை நோக்கிய நிலத்தில் வளரும் புதரைச் சிலர் கொசிப்பியோன் என்றும் பலர் சைலோன் என்றும் அழைப்பதாகச் சொல்கிறார். காயின் உள்ளே பஞ்சு இருப்பதையும் எகிப்தியப் பூசாரிகள் அதில் நெய்த ஆடையை விரும்புவதையும் எழுதுகிறார். சைலோன் கிரேக்கத்தில் 'மரம், கட்டை' என்னும் சொல். மரத்திலே விளையும் கம்பளி என்று ஹெரோடோட்டஸ் காலத்திலிருந்து பருத்தியைப் பற்றிச் சொல்லிவந்த வியப்பின் மிச்சம் அது. கொசிப்பியோன் என்பதன் மூலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது அதன் ஈறு. '-ஓன்' கிரேக்க நடுப்பால் ஈறு. லத்தீனில் அது நடுப்பாலாகவே நின்று '-அம்' போல ஒலிக்கும் ஈற்றைப் பெற்றது. பால் மாறவில்லை, பன்மையில் வேறு வரிசைக்குப் போகவில்லை, கவிதையில் பாயாகவோ பந்தலாகவோ விரியவில்லை. ஒரு செடியின் பெயராக எழுதப்பட்டு, ஏட்டிலேயே உறைந்து, பல நூற்றாண்டுகள் அப்படியே இருந்தது. வாயில் புழங்காத சொல்லுக்கு இலக்கணத் தழும்புகள் இருப்பதில்லை. கொசிப்பியமும் வணிகச் சொல்லாகவே பிறந்திருக்கலாமே என்று கேட்கலாம். எகிப்திலோ அரேபியாவிலோ அது சந்தைச் சொல்லாக இருந்திருக்கக்கூடும். லத்தீனுக்குள் அது நுழைந்த வாசல் சந்தை அல்ல, செடிகளைப் பட்டியலிட்ட ஒரு நூல். வாதம் சொல்லின் பிறப்பைப் பற்றியதல்ல. அது நுழைந்த வாசலைப் பற்றியது.

லின்னேயஸ் 1753இல் 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' வெளியிட்டபோது முன்னோர் விட்டுச்சென்ற பெயர்கள் அவர் கையில் இருந்தன. பிரெஞ்சுத் தாவரவியலர் தூர்னஃபோர் சைலோனை எடுத்திருந்தார். லின்னேயஸ் கொசிப்பியத்தை எடுத்தார். கிரேக்கமும் லத்தீனும் அல்லாத 'காட்டுமொழி'ப் பெயர்கள் பேரினப் பெயராகக் கூடாது என்று அவர் 1737இலேயே விதி வகுத்திருந்தார். ஆகவே இந்தியச் சொல்லை அவர் ஒதுக்கியதற்கு அந்த விதியே காரணம், இலக்கணம் அல்ல என்று வாதிடலாம். ஆனால் அந்த விதி கர்பசுஸைத் தொடாது. அதற்குள் கர்பசுஸ் பல நூற்றாண்டு லத்தீன் சொல். விர்ஜிலே கையாண்ட சொல். ரோமக் குடியுரிமை பெற்றுவிட்ட சொல். கொசிப்பியத்தைவிட அதற்கே தகுதி அதிகம். இருந்தும் அது போட்டியில் நிற்காததற்குக் காரணம், லத்தீன் படித்த எவர் மனத்திலும் அந்தச் சொல் எழுப்பும் படம் காற்றில் புடைத்த பாய். வெடித்த காய் அல்ல. துணியாகிவிட்ட சொல்லை மறுபடி விதையாக்க முடியாது.

அன்று லின்னேயஸ் நிலைநிறுத்திய நடுப்பால் இன்று தமிழ்நாட்டு வயல் முழுதும் பரவியிருக்கிறது. கரிசல் மண்ணின் கருங்கண்ணிப் பருத்தி கொசிப்பியம் அர்போரியம். உப்பம் பருத்தி கொசிப்பியம் ஹெர்பேசியம். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி கொசிப்பியம் ஹிர்சூட்டம். கோயம்புத்தூரில் 1970களில் உருவான சுவின் கொசிப்பியம் பார்படென்ஸ். அடைமொழிகள் எல்லாம் நடுப்பால் ஈற்றில் நிற்கின்றன. கொடைக்கானல் சோலைக்காட்டில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் பெயரிலும் அதே 'அர்போரியம்' வருகிறது. அந்தப் பேரினமும் நடுப்பால் என்பதே காரணம். இந்த '-அம்' ஈறு மரம், படம் என்று அஃறிணைக்குப் பழகிய தமிழ்க் காதுக்கு இயல்பாகவே அஃறிணையாக ஒலிக்கிறது. அது தற்செயல்; உறவு அல்ல. பழனி மலையின் பெயரைச் சுமக்கும் வெர்னோனியா புல்னேயென்சிஸ் என்ற செடியையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெர்னோனியா பெண்பால் என்பதால் '-என்சிஸ்'. ஒரு பருத்திக்கு அதே மலைப்பெயரை வைத்தால் 'பார்படென்ஸ்' போலவே 'புல்னேயென்ஸ்' என்று மாறியாக வேண்டும். மலை ஒன்றுதான், அதன் பெயரின் வால் மட்டும் சேரும் சொல்லின் பாலைப் பொறுத்து மாறும்.

பருத்திக்கான சொற்கள் பருத்தி அல்லாதவற்றுக்குப் போவதையும் இதே மலையடிவாரத்தில் பார்க்கலாம். போடிநாயக்கனூர்ப் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு தரும் இலவமரத்தை லின்னேயஸ் பொம்பாக்ஸ் பெண்டாண்ட்ரம் என்று வைத்தார். பொம்பாக்ஸ் என்பது பட்டுப்பூச்சியின் பெயரிலிருந்து கிளைத்து, இடைக்கால லத்தீனில் பருத்தியைக் குறித்த சொல். 1791இல் கெர்ட்னர் அந்த மரத்தை சீபா என்ற பேரினத்துக்கு மாற்றினார். சீபா பெண்பால் என்பதால் பெண்டாண்ட்ரம் உடனே பெண்டாண்ட்ரா ஆயிற்று. ஆனால் இலவம்பஞ்சும் பருத்தியும் ஒன்றல்ல. பருத்தியிழை விதையின் தோலிலிருந்து முளைப்பது. காய்ந்ததும் நாடாபோலத் தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கால் ஓரிழை இன்னோரிழையைப் பற்றி நூலாகும். இலவின் இழை காயின் உட்சுவரிலிருந்து வருவது. உள்ளே குழலாகவும் மேலே மெழுகு பூசியது போலவும் இருப்பதால் வழுக்கும், நூலாகாது. இலவு காத்த கிளிக்குக் கனி கிடைக்கவில்லை. கிளியைப் பார்த்துச் சிரித்த நெசவாளிக்கும் அங்கே நூல் கிடைத்திருக்காது. பட்டு, பருத்தி, இலவு என்று பொம்பாக்ஸ் தாவிய மூன்றுக்கும் பொதுவானது கையில் படும் மென்மை ஒன்றே. சரக்கின் வழியே வந்த சொல்லின் குணம் இங்கும் மாறவில்லை.

இதே விதி தமிழில் இன்றும் நம் கண்ணெதிரே நடக்கிறது. தமிழில் பருத்திக்குப் பால்மாற்றம் இல்லை. நன்னூல் சொல்லும் பால்பகா அஃறிணைப் பெயர் அது. 'பருத்தி வெடித்தது' என்றாலும் 'பருத்தி வெடித்தன' என்றாலும் சொல் அசையாது. பொருளிலும் அது செடியை விட்டு வெகுதூரம் போகவில்லை. காட்டில் நிற்பதும் பருத்தி, காயிலிருந்து எடுப்பதும் பருத்தி. கொட்டை நீங்கியதும் அது பஞ்சு, பிறகு நூல், பிறகு பாவும் ஊடையும், பிறகுதான் துணி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச்சொல் வைத்திருப்பவர்கள் ஒரே சொல்லை முதலிலிருந்து கடைசிவரை இழுக்க வேண்டியதில்லை. 'பருத்தி கட்டியிருக்கிறாள்' என்று யாரும் சொல்வதில்லை. 'பருத்திச் சேலை' என்று இன்னொரு சொல் சேர வேண்டும். ஆனால் 'காட்டன் கட்டியிருக்கிறாள்' என்று எல்லோரும் சொல்கிறோம். காட்டன் அரபு மொழியின் குத்ன் என்ற சொல்லில் தொடங்கி, ஐரோப்பிய மொழிகளைச் சுற்றி நம்மிடம் வந்தது. ஆங்கிலேயருக்கு அது செடிக்கும் பெயர், துணிக்கும் பெயர். நம் வாயிலோ துணி மட்டும். 'இந்த வருஷம் ரெண்டு ஏக்கர் காட்டன் விதைத்தேன்' என்று பழனிப் பக்கத்து விவசாயி சொல்வதைக் கேட்க முடியாது. பாலியெஸ்டர் கலந்த துணியைக்கூடக் கடையில் காட்டன் என்றே விரித்துக் காட்டுவார்கள். பிளினி லினனைக் கர்பசுஸ் என்று எழுதியது போலத்தான். ஒரு மொழியில் செடியாகவும் துணியாகவும் இருந்த சொல், இன்னொரு மொழிக்குள் கடை வாசல் வழியாக நுழைந்ததால் துணியாக மட்டும் தங்கிவிட்டது. கர்பசுஸுக்கு ரோமில் நடந்ததை இங்கே காட்டன் மறுபடி நடத்திக் காட்டுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: லத்தீனில் அதைப் பாலின் மாற்றம் காட்டிக்கொடுத்தது, பால் மாறாத நம் மொழியில், எந்த வினை எந்தச் சொல்லோடு சேரும் என்பது காட்டிக்கொடுக்கிறது. விதைப்பது பருத்தி, உடுத்துவது காட்டன்.